மை பூசாத அரக்கி

நடனத் துறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு ஏணி என்று பெயர் விழுந்துவிட்டது. அலமாரி உச்சியில் கிடந்த உடைப் பெட்டியை நாற்காலி போடாமலே எட்டி எடுத்ததைப் பார்த்து யாரோ ஒரு சீனியர் வைத்த பெயர். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். அவள் அப்பாவும் நெட்டை. வீட்டு வாசல் நிலையில் இரண்டு பேரும் மாறி மாறி நெற்றியை இடித்துக்கொள்கிறவர்கள்தான். கடைசியில் ஆசிரியர்கள்கூட வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் அவளுடைய இயற்பெயரைச் சொன்னார்கள்.

பெயர் அவளை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. ஆண்டு விழா நிகழ்ச்சியில் முதல் வருடம் அவளை மரமாக நிற்கவைத்தார்கள். இரண்டாம் வருடம் கோட்டைக் கதவு. கதவின் மறுபாதியாக நிற்கவேண்டிய பையன் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஒற்றைக் கதவாகவே நின்று, திறந்து, மூடிவிட்டு வந்தாள். உயரமாக, தோள் அகலமாக, நல்ல கறுப்பாக இருக்கும் பெண்ணை வேறு எதற்கு வைத்துக்கொள்வது என்று அந்தத் துறைக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மூன்றாம் வருடம், அதாவது கடைசி வருடம், துறைத்தலைவி மேடம் புராணத்தையும் தேவதைக் கதைகளையும் வைத்து ஒரு முழு மாலை நிகழ்ச்சி தயாரித்தார். கடலுக்கடியில் வாழும் பெண்கள், இறகை ஒளித்து வைத்தவனுக்கு மனைவியாகும் பறவைப் பெண், எட்டு தேவதைகள் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் பெரிய கதை ஒன்று. அதை மேடமே கட்டியிருந்தார். மலைக்குகையில் ஓர் ஊற்று. அதை ஓர் அரக்கி காவல் காக்கிறாள். நோயில் கிடக்கும் இளவரசிக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். இளவரசன் வருகிறான், அரக்கியின் முதுகில் ஏறி, தோளில் நின்று, கழுத்தில் வாளை இறக்குகிறான். தண்ணீர் விடுதலையாகிறது. மேடை முழுக்க ஆட்கள், நீல நிறத் துணி, எல்லோரும் சேர்ந்து ஆடும் முடிவு.

அரக்கி வேடத்தை மேடம் ஏணிக்குக் கொடுத்தார். வகுப்பில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏணி மட்டும் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். மரத்துக்கும் கதவுக்கும் கால் கிடையாது. அரக்கிக்கு உண்டு.

அந்த வேடத்தை அவள் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் போன பிறகு ஒத்திகைக் கூடத்தில் தனியாக நடந்து பார்த்தாள். அரக்கி எப்படி நடப்பாள்? திம் திம் என்று நடப்பதை அவள் முதல் நாளே விட்டுவிட்டாள். நாளெல்லாம் ஒரே இடத்தைக் காவல் காக்கிறவள் சத்தம் போட்டு நடக்கமாட்டாள், சத்தம் கேட்கத்தான் நடப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. விழும் இடம்தான் பிடிபடவில்லை. தோளில் ஒரு முழு ஆள் நிற்க, அவனையும் தாங்கிக்கொண்டு சாகவேண்டும்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் அவளைத் தன்னோடு கட்டடங்களின் மொட்டைமாடி இயந்திர அறைகளுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கூண்டு மேலே ஏறும்போது சுவரின் மறுபக்கம் இரும்புக் கட்டிகள் அடுக்கிய எடை ஒன்று கீழே இறங்குவதைக் காட்டியிருக்கிறார். அந்த எடையைப் போய் மறுபடி பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டதும், எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். அதன் எதிரில் உட்கார்ந்து அவள் அரை மணி நேரம் பார்த்தாள். தடதடவென்று விழாமல், நின்று நின்று வராமல், ஒரே சீராக, தன் பாரத்தைத் தானே அறிந்த மாதிரி அது இறங்கியது. மறுநாள் ஒத்திகையில் அவள் அப்படி இறங்கினாள். தோளில் நின்றவனுக்கு எப்போது தரை வந்தது என்றே தெரியவில்லை.

தோளில் நின்றவன் அவள் வகுப்புப் பையன். இளவரசன் என்றே எல்லோரும் கூப்பிட ஆரம்பித்து, அவனும் அதற்கேற்ப நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவனே அன்று இறங்கிய பிறகு தரையை ஒரு முறை குனிந்து பார்த்தான். கூடத்தின் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அரக்கி செத்தால் கூட்டம் கைதட்டவேண்டும் என்பது அவர் கணக்கு. இவள் செத்தால் மனம் கனத்துப்போகிறது. அசைவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். பாதி நடை போயிற்று. ஊற்றைக் குனிந்து பார்க்கும் இடம் போயிற்று. நின்று உறுமினால் போதும் என்றார். ஏணி குறைத்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டு, மிச்சமிருந்ததில் எல்லாவற்றையும் போட்டு ஆடினாள்.

முழு ஒத்திகையன்று, விளக்குகளோடு முதல் முறை ஆடிப் பார்த்தபோது, மேடம் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் ரொம்பச் சாதுவாக இருக்கிறதாம். பார்க்கிறவர்களுக்குப் பயமே வராதாம். ஒப்பனைக்காரரைக் கூப்பிட்டு, இவளுக்கு முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்பு மை, வாயில் சிவப்பு, இரண்டு கோரைப்பல் என்று சொல்லிவிட்டு, அப்படியே தேவதைகள் எட்டு பேருக்கும் வெள்ளைப் பவுடர் இன்னும் தூக்கலாக இருக்கட்டும் என்றார்.

ஒப்பனைக்காரர் டப்பாவைத் திறந்து ஸ்பாஞ்சை நனைத்தார். ஏணி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“எதுக்கு மேடம் கறுப்பு?”

“அரக்கின்னா அப்படித்தாம்மா.”

“நான் ஏற்கெனவே கறுப்புதானே மேடம்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். மேடமும் லேசாகச் சிரித்து, உன்னைச் சொல்லவில்லை, வேடத்தைச் சொல்கிறேன் என்றார். ஏணி சிரிக்கவில்லை.

“பல்லு வெச்சுக்கறேன் மேடம். நகம் வேணும்னாலும் வெச்சுக்கறேன். கறுப்பு மட்டும் பூசிக்க மாட்டேன். தேவதைக்கு வெள்ளை, அரக்கிக்குக் கறுப்புன்னா, பூசாம இருக்கறப்ப நான் யாரு?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நனைந்த ஸ்பாஞ்சிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒப்பனைக்காரரின் செருப்பில் சொட்டியது. மேடம் அவளைத் தாழ்வாரத்துக்குத் தனியாகக் கூட்டிப்போனார்.

அங்கே அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கும்போது ஏணிக்கு அவருடைய தாடையோரம் தெரிந்தது. முகத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கு ஒரு நிறம். தினமும் பார்ப்பதுதான், இன்றைக்குத்தான் பார்ப்பது மாதிரி இருந்தது. மேடம் சொன்னார், தானும் இப்படித்தான் வந்ததாக. இரண்டு மூன்று அடுக்கு பவுடர் இல்லாமல் தனக்கு ஒருவரும் மேடை கொடுத்ததில்லை. அழுதுகொண்டு பூசியதும் உண்டு. பூசியதால்தான் ஆட முடிந்தது. ஆட முடிந்ததால்தான் இன்று இந்த நாற்காலி.

“உங்களுக்கு வேற வழி இருந்திருக்காது மேடம்,” என்றாள் ஏணி. “எனக்கு இருக்கு. நான் மாட்டேன்னு சொல்லலாம்.”

மேடத்தின் முகம் இறுகிவிட்டது. நாளைக்கு நிகழ்ச்சி, மை பூசிக்கொள்வதாக இருந்தால் வா, இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அவள் அம்மா இரவுப் பணி முடித்து வந்தபோது ஏணி சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்காமலே வீட்டு வேலை செய்கிறாள் என்றால் ஏதோ விவகாரம் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். வலிக்கிறது என்று கத்துகிறவர்களை விட்டுவிட்டு, பேசாமல் கிடக்கிறவர்களிடம் முதலில் போகிறவள். காலணியைக் கழற்றாமலே என்னவென்று கேட்டாள். ஏணி சொன்னாள்.

அம்மா பூசிக்கொள்ளச் சொன்னாள். ஒரு சாயங்காலம்தானே, பூசினால் கழுவிவிடலாம், மூன்று வருடப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். பயத்தில் சொன்னாள் என்பது குரலிலேயே தெரிந்தது. ஏணி குழாயை மூடினாள்.

“ஸ்கூல்ல எல்லா வருஷமும் நான்தான் ராட்சசி. ஞாபகம் இருக்காம்மா? நீயும் அப்பாவும் முன்வரிசையில உக்காந்து கை தட்டினீங்க. மறுநாள்லருந்து மாடிப்படியில ஏறும்போதெல்லாம் கீழ்வீட்டுப் பிள்ளைங்க ராட்சசி வர்றான்னு ஓடும். நாடகம் முடிஞ்சு ஆறு மாசம் ஆனப்புறமும் ஓடினாங்க. அப்ப என் முகத்துல மை இல்லம்மா.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது. வெகு நேரம் காலணியின் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள். பிறகு, போய் ஆடு என்றோ பூசாதே என்றோ எதுவும் சொல்லாமல், சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். போகும்போது மகள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு போனார்.

வரவேண்டாம் என்று சொல்லியும் ஏணி கல்லூரிக்குப் போனாள். அதற்குள் மேடம் வேடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார். இரண்டாம் வருட மாணவி, சிவந்த நிறம், கொஞ்சம் உயரம்தான், மிச்ச உயரத்துக்குக் கட்டை வைத்த காலணி. காலையிலேயே பாதி முகத்துக்கு மை பூசிப் பார்த்திருந்தார்கள். அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு ஏணி ஒத்திகையைப் பார்த்தாள். வெளியே போ என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

புதுப் பெண் பாவம், இரவெல்லாம் ஒத்திகை வீடியோவைப் பார்த்து அசைவுகளை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். இளவரசன் முதுகில் கால் வைத்ததும் அவள் தள்ளாடினாள். தோளுக்கு ஏறியதும் இரண்டு பேரும் நீலத் துணிமேல் மூட்டையாக விழுந்தார்கள். மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தார்கள். மூன்றாவது முறை இளவரசன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று வாளைக் கீழே வைத்துவிட்டான்.

“மேடம், ஏணி இல்லாம ஏற முடியாது,” என்றான்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே புரிந்தது. தேவதைகள் குபீரென்று சிரித்தார்கள், புதுப் பெண்ணும் சிரித்தாள், விளக்கு போடுகிறவர் மேலே இருந்து சிரித்தார். நியாயத்துக்காகவோ நட்புக்காகவோ அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் முட்டிக்காகச் சொன்னான். ஆனாலும் சொன்னான். மேடம் அரங்கத்தின் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்து, வா என்று கையால் கூப்பிட்டார். மையைப் பற்றி அப்போது பேச்சே எடுக்கவில்லை. ஏணிக்கு அதுவே பயமாக இருந்தது.

பயந்தது சரிதான். மாலையில் அரங்கம் நிரம்பிவிட்டது. பறவைப் பெண்ணின் கதை மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பனை அறையில் ஏணி உடையணிந்து, நகங்களும் கோரைப்பல்லும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். மேடம் உள்ளே வந்தார், பின்னாலேயே டப்பாவோடு ஒப்பனைக்காரர். இரண்டே வழி என்றார் மேடம். ஒன்று, இப்போதே உட்கார்ந்து பூசிக்கொள். இல்லையென்றால் கடைசிக் கதையையே எடுத்துவிடுகிறேன், தேவதைகளோடு நிகழ்ச்சி முடியட்டும். அடுத்த நிகழ்ச்சி முடிவதற்குள் சொல் என்றுவிட்டு மேடைப் பக்கம் போனார்.

அறையில் இருந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மேடத்தை எதிர்த்து நிற்பது சுலபம், இது சுலபமாக இல்லை. மாதக்கணக்கில் கூட வியர்த்தவர்கள். நீலத் துணியைத் தூக்கிப் பிடித்துக் கை மரத்துப்போனவர்கள். வெளியே அவர்களுடைய அப்பா அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்காகப் பூசிக்கொள்ளேன் என்று ஒருத்தி கெஞ்சினாள். கால் மணி நேரத்துக்குத்தானே என்றான் ஒருவன். இளவரசியாக ஆடுகிறவள் அவளுக்கு நெருங்கிய தோழி. முதல் வருடம் மரமாக நின்றபோது அவள் கால் அரித்ததைத் திரைக்குப் பின்னாலிருந்து சொறிந்துவிட்டவள். அவளுக்குத்தான் கோபம் அதிகம்.

“உன் ஒருத்தி பிடிவாதத்துக்கு நாங்க எல்லாரும் வீணாப் போகணுமாடி? உனக்கு நாங்க முக்கியமில்லையா?”

ஏணிக்கு அழுகை வந்தது. அழுதால் பூசிவிடுவார்கள் என்று தோன்றியது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் எதையும் எடுக்கலடி. ஆடத் தயாரா நிக்கறேன், பாரு. எடுக்கறதா இருந்தா மேடம் எடுக்கட்டும். அவங்ககிட்ட போய்க் கேளு, என் முகத்தோட ஆடினா என்ன கெட்டுப்போகும்னு. எல்லாரும் என்னைத்தானே கேக்கறீங்க. ஒருத்தராவது அவங்களைக் கேட்டீங்களா?”

தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்களும் கலைந்து அவரவர் கண்ணாடிக்குப் போனார்கள். போய்க் கேட்க யாரும் கிளம்பவில்லை. மேடையில் இசை வேகமெடுத்தது, பறவைப் பெண் இறகைக் கண்டுபிடிக்கும் கட்டம்.

அப்போது மூலையில் இருந்த தேவதை ஒருத்தி எழுந்தாள். எட்டு பேரில் அதிகம் பேசாதவள், வரிசையில் எப்போதும் கடைசி. அவளுக்கு வைத்த வெள்ளைப் பவுடர் கழுத்தோடு நின்று, அதற்குக் கீழே அவள் நிறம் தனியாகத் தெரிந்தது. யாரையும் பார்க்காமல் கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். பால் மாதிரி வழிந்தது. அடுக்கடுக்காகப் பூசிய பவுடர் சட்டென்று போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஒப்பனைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து பூசியது, எல்லாம் போச்சு, எனக்குச் சொன்னதைத்தானே நான் செய்கிறேன் என்று புலம்பினார். அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தேவதை தொட்டிக்கு வந்து நின்றாள். மூன்றாவதாக ஒருத்தி எழுந்தாள், கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். பெரிய புரட்சியெல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் தேவதைகள் மேடைக்குப் போனபோது ஆறு வெள்ளை முகங்களும் ஈரம் காயாத இரண்டு கறுப்பு முகங்களும் போயின. கதவோரம் நின்ற மேடம் அந்த இரண்டு பேரையும் பார்த்தார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, நிறுத்த நேரமில்லை.

தேவதைகள் ஆடி முடித்தார்கள். பக்கத்திரையின் இருட்டில் ஏணி வந்து நின்றாள், சொந்த முகத்தோடு. மேடம் இரண்டடி தள்ளி நின்றார். அறிவிப்பு செய்யும் மாணவனுக்கு உள்ளே நடந்த எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு ஒலிபெருக்கியில், அடுத்து இன்றைய நிறைவு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டான். கைதட்டல் எழுந்தது. திரை இழுப்பவர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். ஏணியும் பார்த்தாள். மேடம் எங்கேயோ பார்த்தபடி தலையை அசைத்தார். திரை போக ஆரம்பித்தபோது, அவளைப் பார்க்காமலே மெல்லச் சொன்னார்:

“தோளை இறக்காதே. நேரா போ.”

ஏணி நேராகப் போனாள்.

குறைக்கச் சொன்ன நடையை அவள் மறுபடி சேர்க்கவில்லை. கொடுத்ததை மட்டுமே ஆடினாள். ஒன்றே ஒன்றில்தான் கை வைத்தாள். உறுமவேண்டிய இடத்தில் உறுமாமல், ஊற்றுக்கு முன்னால் கைகளை விரித்து நின்று, வருகிறவனை உற்றுப் பார்த்தாள். மை இருந்திருந்தால் அந்தப் பார்வை தெரிந்திருக்காது. விளக்கு அவள் நெற்றியிலும் கன்னத்திலும் வழுக்கி ஓடியது. கறுப்புத் தோலில் விளக்கு விழுந்தால் எப்படி இருக்கும் என்று அந்த மேடை அன்றுதான் பார்த்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் சாய்மானத்திலிருந்து முதுகை எடுத்தார்கள். அவள் பயமுறுத்தினாள், சந்தேகமே இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே விடமாட்டேன் என்கிற பெண்ணைப் பார்த்தால் வரும் பயம் அது.

இளவரசன் முதுகில் ஏறினான், தோளில் நின்றான், வாளை இறக்கினான். அவள் இறங்கத் தொடங்கினாள். ஒரே சீராக, ஒரு இடத்திலும் நிற்காமல், முட்டி, இடுப்பு, முதுகு என்று பாரம் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை முகம் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. இளவரசனின் கால் தரையில் பட்டபோது அவள் படுத்திருந்தாள்.

கைதட்டல் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. நீலத் துணிக்காரர்கள் ஓடிவரவேண்டிய இசை தொடங்கும்வரை அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண், “தண்ணி கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கல்ல?” என்று தன் அம்மாவிடம் கேட்டது மேடைவரை கேட்டது. இளவரசன் வாளோடு ஒரு கணம் தடுமாறிவிட்டான். பிறகு துணி வந்தது, தண்ணீர் வந்தது, இளவரசி எழுந்தாள், எல்லோரும் ஆடினார்கள். திரை மூடி மறுபடி திறந்து, ஆடியவர்கள் வரிசையாக வணங்கியபோது, ஏணியின் முறை வந்ததும் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை கலையும்வரை விடவில்லை. ஐந்தாவது வரிசையில் அப்பா எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர்களுக்கு மறைக்கும் என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தானும் எழுந்து நின்றுதான் இழுத்தாள்.

கல்லூரி அதோடு விட்டுவிடவில்லை. இரண்டு நாள் கழித்து முதல்வர் கூப்பிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வர், ஓரத்து நாற்காலியில் மேடம். ஆசிரியரின் சொல்லை எல்லோர் முன்னாலும் மீறியதற்கும், மற்ற மாணவிகளைத் தூண்டிவிட்டதற்கும் மேடத்திடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் முதல்வர். கேட்டுவிட்டால் முடிந்தது. அடுத்த வாரம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போகும் குழுவில் அவளும் போகலாம்.

ஏணி கொஞ்சம் யோசித்தாள். யாரையும் தூண்டவில்லை, அவர்களாகவே கழுவினார்கள் என்று முதலில் சொன்னாள். பிறகு மேடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“உறுமச் சொன்ன இடத்துல உறுமல. அது உங்க நடனம், உங்களைக் கேக்காம மாத்தினேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன் மேடம். மை பூசாததுக்குக் கேக்க மாட்டேன். அடுத்த வருஷம் கூப்பிட்டாலும் பூசிக்க மாட்டேன்.”

அடுத்த வருஷம் நீ இங்கே இருக்கமாட்டாய் என்றார் முதல்வர். அப்படியானால் பிரச்சினையே இல்லையே சார் என்றாள் அவள். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் முதல்வர் விட்டிருப்பார். சொல்லவில்லை.

போட்டிக்குத் தேவதைகளை அனுப்பினார்கள். வேன் கிளம்பியபோது ஏணி கல்லூரி வாசலில்தான் நின்றாள். வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். மூன்று வருடமும் அவள் காத்திருந்த போட்டி அது. முகம் கழுவிய இரண்டு பேரும் வேனில் இருந்தார்கள். அதிகம் பேசாதவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரு திரும்பும்வரை கையை இறக்காமல் காட்டிக்கொண்டு போனாள். அங்கே அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். பவுடர் பூசாமல் ஆடியதாக அதிகம் பேசாதவள் திரும்பி வந்து சொன்னாள். ஏன் பூசவில்லை என்று யாரும் கேட்டார்களா என்று ஏணி கேட்டாள். யாருமே கேட்கவில்லை என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் அன்று வெகு நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். கடைசித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் தனியாக ஒன்று அமைத்து ஆடவேண்டும். ஊற்றைக் காத்தவளையே எடுத்து, வெட்டிப் போட்ட நடையையெல்லாம் சேர்த்து, தான் நினைத்த மாதிரி ஆடப்போவதாக ஏணி சொன்னாள். தேர்வாளர்களில் மேடமும் ஒருவர் என்று மற்றவள் நினைவுபடுத்தினாள். தெரியும் என்றாள் ஏணி.

அந்தத் தேர்வு நாள் காலையில் அம்மாவுக்குப் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவின் அக்கா, வேறு ஊர். நிகழ்ச்சியை யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி அவள் கைக்குப் போயிருந்தது. அம்மா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். ஏணி அடுத்த அறையில் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது.

பெரியம்மா அக்கறையோடுதான் பேசினாள். பெண் நன்றாகத்தான் ஆடுகிறாள். ஆனால் இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் முகத்தை இப்படியா காட்டுவது? மற்றப் பெண்களெல்லாம் பளிச்சென்று இருக்கிறார்கள், இவள் மட்டும் அப்படியே போய் நிற்கிறாள். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசப் போனால் இதைத்தானே பார்ப்பார்கள். கொஞ்சம் பவுடராவது போட்டுவிடக் கூடாதா, அம்மா என்று நீ எதற்கு இருக்கிறாய்?

இஸ்திரிப் பெட்டி நகரும் சத்தம் நின்றது. ஏணி சீப்போடு அப்படியே நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் அம்மா வழக்கமாக, சொல்கிறேன் அக்கா, அடுத்த தடவை போட்டுவிடுகிறேன் என்று சொல்லி முடித்துவிடுவாள்.

“நமக்கு அம்மா பூசிவிட்டது போதும்க்கா,” என்றாள் அம்மா. “ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் நிக்கவெச்சு அப்புவாங்க, வேர்த்தா திட்டுத் திட்டா நிக்கும், நீ கர்சீப்பை வெச்சுக்கிட்டு அழுவே. மறந்துட்டியா? இவளுக்கு அது வேண்டாம். அப்படியே பார்க்கறவங்க பார்க்கட்டும். பார்க்க முடியாதவங்க நம்ம வீட்டுக்கு வரவேண்டாம்.”

பிறகு பெரியம்மா, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று ஆரம்பித்தாள். தெரியும் அக்கா, வீடியோவை முழுவதும் பார்த்தாயா என்று அம்மா கேட்டாள். பாதிதான் பார்த்தாளாம். முழுவதும் பார்த்துவிட்டுக் கூப்பிடு, இப்போது எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னடி பார்க்கற? பரீட்சை பத்து மணிக்குத்தானே? சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட ஆடாதே.”

ஏணி சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா சீருடையின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, காலரில் இருந்த மடிப்பை அழுத்தித் தேய்த்தாள்.